சூரியனின் ஒளிமுடியில் ஒரு பச்சைக்கோடு

உடம்பு காய்கின்றதென்றால் நாம் வெப்பமானியை நாடுகின்றோம். இரும்பையே ஆவியாக்கும் வெப்பத்தை எதனைக்கொண்டு அளப்பது? சாதாரண வெப்பமானி அங்கே அழிந்துபோம். ஆனால், அங்கிருந்து வரும் ஒளியே வெப்பத்தின் அளவைச் சொல்லிவிடும். அவ்வொளியைப் படிக்கக் கற்ற வரலாற்றை நாம் சிறிது நோக்குவோம்.

1869ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள் அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம் தோன்றியது. மறைந்த சூரியனைச் சூழ்ந்து ஒளிர்ந்த வெண்ணிற ஒளிமுடியைச் சாள்ஸ் யங், வில்லியம் ஹார்க்னெஸ் என்னும் வானியலறிஞர் இருவர் தனித்தனியே நிறமாலைக் கருவியால் ஆராய்ந்தனர். பச்சைக்கோடொன்று தெரிந்தது. பின்னர் நுண்ணிதாக அளந்தபோது, அறியப்பட்ட மூலகம் எதனோடும் அது பொருந்தவில்லை. புதிய மூலகமென எண்ணிக் 'கொரோனியம்' என்று பெயரும் சூட்டினர். சூரிய ஒளியில் முதலிற் கண்ட ஹீலியம் 1895இல் பூமியிலும் அகப்பட்டமை இந்நம்பிக்கையை வலுப்படுத்திற்று. ஆயினும், மூலக அட்டவணையிற் கொரோனியத்துக்கு இடமே இருக்கவில்லை.

அணுவிலுள்ள இலத்திரன்கள் வரையறுத்த சக்திப்படிகளிலேயே நிற்கும். ஒன்று மேற்படியிலிருந்து கீழே இறங்கும்போது, இடைப்பட்ட சக்தி குறித்த நிறமுள்ள ஒளியாக வெளிப்படும். அணு இலத்திரன்களை இழந்தாற் படிகள் மாறும், கோடுகளும் மாறும். சுவீடன் நாட்டு எட்லென், ஆய்வுகூட மின்பொறிகளின் ஒளியை அளந்து இப்படிகளைக் கணித்துவந்தார். அவ்வளவீடுகளைக்கொண்டு ஜேர்மனியரான குரோட்ரியன், ஒளிமுடியின் செந்நிறக் கோடொன்று 9 இலத்திரன்களை இழந்த இரும்பினுடையது என 1939இற் காட்டினார். சில ஆண்டுகளில் எட்லென் பச்சைக்கோட்டின் மருமத்தையும் அவிழ்த்தார். அதுவும் இரும்பே! தன் 26 இலத்திரன்களில் 13ஐ இழந்த இரும்பு.

அவ்வளவு இழப்பதற்குப் பத்து இலட்சம் பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். சூரியனின் மேற்பரப்போ ஏறக்குறைய 5,500 பாகையே. அடுப்பிலும் அதன்மேல் எழும் ஆவி பன்மடங்கு சூடாயிருந்தாற் போன்ற விந்தை இது. இதன் காரணம் இன்னும் முற்றாகத் தெளியவில்லை.

இலத்திரன்கள் கழன்ற இத்தகைய கொதிவாயுவைப் 'பிளாஸ்மா' என்பர். பிரான்சில் அமைந்துவரும் 'ஈற்றர்' உலையில், ஐதரசனின் சமதானிகளை 15 கோடி பாகைவரை சூடாக்கி, அவற்றின் கருக்களை இணைக்க முயல்கின்றனர். உலைச்சுவரின் தங்சுதன் அணுக்கள் உள்ளே மிகுதியாகக் கலந்தால், அவை சக்தியை ஒளியாகக் கொட்டிப் பிளாஸ்மாவைக் குளிர்வித்துவிடும். எவ்வணு கலந்தது, எத்தனை இலத்திரன்களை இழந்து நிற்கின்றது என்பதைக் கோடுகளே உரைக்கும். கோட்டின் அகலம் வெப்பத்தை உணர்த்தும். எனினும், எக்கோடு எதனுடையது என்று சொல்லக் கணிதமே துணை. அது வழுவினால், பழைய இரும்பையே புதுமூலகமென மயங்க நேரும்.