பணமாக இருந்த நத்தை ஓடு

பல்லாங்குழியிலும் தாயத்திலும் நாம் பயன்படுத்தும் சோழி, ஒரு சின்னஞ்சிறு கடல் நத்தையின் ஓடு. பெரும்பாலும் 3 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும் இந்த நத்தை, மாலத்தீவுக் கடலில் ஏராளம். உயிரோடு இருக்கும்போது அதன் மெல்லிய சதை ஓட்டின் மேல் போர்வைபோல் படர்ந்து மூடும். ஓடு பளபளப்பாக இருப்பதற்கு அதுவே காரணம்.

1343-ல் மாலத்தீவு சென்று அங்கே காஜியாகப் பணியாற்றிய இப்னு பதூதா, சோழியைப் பற்றித் தமது பயண நூலில் சொல்கிறார். நத்தைகளைக் கரையில் குழிகளில் போட்டு வைப்பார்கள். சதை அழிந்து வெள்ளை ஓடு மிஞ்சும். அதைக் கொடுத்து வங்காளத்து மக்களிடம் அரிசி வாங்குவார்கள். அங்கே நான்கு லட்சம் சோழிக்கு ஒரு தங்க தீனார். பிற்பாடு மாலி நாட்டில் 1,150 சோழிக்கே ஒரு தீனார் கிடைப்பதைக் கண்டார்.

இந்த விலை வித்தியாசம் பின்னாளில் ஐரோப்பிய வணிகர்களை இழுத்தது. கப்பல் கப்பலாகச் சோழியை மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய், அதைக் கொடுத்து மனிதர்களை அடிமைகளாக வாங்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் சோழி அளவுக்கு மீறிக் குவிந்ததும் மதிப்புச் சரிந்தது. சேமித்து வைத்திருந்தவர்கள் கையில் வெறும் ஓடுதான் மிஞ்சியது.

பிள்ளைகள் சோழி உருட்டும்போது இந்த வரலாற்றையும் அவர்களுக்குச் சொல்வோம்.