ஒன்று கதவை உடைக்கும். இன்னொன்று உள்ளே புகும்!
வாழை, நெல், ஆடு, மனிதன் - யாரையும் விடாத 'கூட்டு' நோய்கள்

உத்தமபாளையத்தில் இருந்து கம்பம் போகும் பஸ்சில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தால், வழியில் அனுமந்தன்பட்டி வரும். முல்லைப் பெரியாறு தண்ணீர் பாயும் பூமி. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14 ஆயிரத்து 707 ஏக்கர் இருபோக நெல் பாசனம். இடையிடையே வாழை, தென்னை, திராட்சை.

இந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு அடிக்கடி வரும் சந்தேகம் ஒன்று உண்டு. "மருந்து ஊத்தியாச்சு, உரமும் வச்சாச்சு. அப்புறமும் வாழை ஏன் வாடுது?"

மருந்து ஒன்று, வந்திருக்கும் நோய் இரண்டாக இருக்கலாம் என்பதுதான் இதற்குப் பதில்!

திருட்டு வழக்கில் குற்றவாளி ஒருவன், உடந்தை ஒருவன் இருப்பது போல, நோயிலும் உண்டு. ஒருவனை மட்டும் பிடித்தால் வழக்கு முடியாது.

வேரில் ஓட்டை போடும் புழு

வாழையில் முதல் ஆள் நூற்புழு. கண்ணுக்குத் தெரியாது. மண்ணில் இருந்து வேரைத் துளைத்துப் புண்ணாக்கும். அந்தப் புண் வழியாக நுழைகிறது பனாமா வாடல் நோய்ப் பூஞ்சை.

அடி இலைகள் மஞ்சளாகி, தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கும். கிழங்கை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்புக் கறை. புழு மட்டும் வந்தால் விளைச்சல் குறையும். தார் கனத்தில் மரம் சாயும். பூஞ்சையும் சேர்ந்தால் மரமே பட்டுப்போகும்.

ஜி-9 போன்ற பச்சை வாழை ரகங்களை இந்த வாடல் எளிதில் தொடாது என்றுதான் பல காலம் நம்பினார்கள். தேனி மாவட்டத் தோட்டங்களிலேயே அந்த நம்பிக்கை உடைந்தது. திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

நெல்லில் இரட்டை வைரஸ்

நெல்லைத் தாக்கும் துங்ரோ நோயின் கதை இன்னும் விசித்திரம். 1980-களில் தமிழ்நாட்டு விவசாயிகளை வாட்டிய நோய் இது. பயிர் குட்டையாகும், இலை ஆரஞ்சு மஞ்சளாகும்.

இதில் சேர்ந்து வேலை செய்வது 2 வைரஸ்கள். ஒன்று பயிரைக் கெடுக்கும். ஆனால் அதற்குத் தனியாக ஊர் மாறத் தெரியாது. இன்னொன்று தனியாக வந்தால் பயிரில் பெரிதாக ஒன்றுமே தெரியாது. ஆனால் பச்சைத் தத்துப்பூச்சி மேல் ஏறி வயலுக்கு வயல் போகும். முதல் வைரஸ் இதன் துணையோடுதான் அடுத்த பயிருக்குப் பயணம் போகிறது!

இலை மஞ்சளானதைப் பார்த்து, 'சத்துக் குறைவு' என்று யூரியாவை அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. தழைச்சத்து அதிகமானால் தத்துப்பூச்சிக்குத்தான் கொண்டாட்டம். நோய் நிற்காது, பணம்தான் போகும்.

அரசூர் ஆடுகள்

ஆடு வளர்ப்பவர்களுக்கு ஆட்டுக்கொல்லி நோய் என்றாலே வயிற்றில் புளி கரைக்கும். இந்தியாவில் இந்த நோய் முதன் முதலாக 1987-ல் கண்டுபிடிக்கப்பட்டது தமிழ்நாட்டில்தான். இப்போதைய விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள அரசூர் கிராமம் அது.

வைரஸ் ஆட்டின் எதிர்ப்பு சக்தியை முதலில் அடித்துப் போடுகிறது. அதுவரை மூக்கிலும் தொண்டையிலும் சாதுவாகக் கிடந்த பாக்டீரியா, நுரையீரலுக்குள் இறங்குகிறது. மூக்கில் சளி, கழிச்சல், மூச்சிரைப்பு. பட்டியே காலியாகும்.

அரசூரில் கிடைத்த அதே வைரசை வலுவிழக்கச் செய்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தடுப்பூசி தயாரித்தது. அந்த ஊசி கதவைச் சாத்திவிடும். பிறகு பாக்டீரியாவுக்கு உள்ளே நுழைய வழி கிடைப்பது கஷ்டம்.

மனிதனுக்கும் இதே கதிதான்

1918-ல் வந்த விஷக்காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். உலகம் முழுவதும் அந்தக் காய்ச்சலில் இறந்தவர்களில் பெரும்பாலோரின் உயிரைக் குடித்தது, பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியா என்று 2008-ல் வெளியான ஆய்வு சொன்னது. வைரஸ் கதவை உடைத்தது. பாக்டீரியா உயிரைப் பறித்தது.

2021-ல் கொரோனா இரண்டாவது அலை. கூடவே வந்தது கரும்பூஞ்சை. சர்க்கரை நோயாளிகளும், ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்களும் அதிகம் சிக்கினார்கள். கண்ணை இழந்தவர்கள் உண்டு. உயிரை இழந்தவர்களும் உண்டு.

எச்.ஐ.வி.யும் காசநோயும் இன்னொரு ஜோடி. எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரைப் பறிப்பதில் முதலிடம் காசநோய்க்குத்தான். அதனால்தான் காசநோய் என்று தெரிந்தவுடன் எச்.ஐ.வி.க்கும், சர்க்கரைக்கும் சேர்த்தே பரிசோதனை செய்கிறார்கள். இதைக் கேட்டுக் கோபப்படுகிறவர்கள் உண்டு. அது சந்தேகம் அல்ல. உடந்தையைத் தேடும் வேலை.

மழைக்காலத்தில் ஒரே ஆளுக்கு டெங்குவும் எலிக்காய்ச்சலும் சேர்ந்து வருவதும் உண்டு. டெங்குவுக்கு ரத்தப் பரிசோதனை, எலிக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக். ஒன்றை மட்டும் பார்த்து நிறுத்தினால் இன்னொன்று ஆளை முடிக்கும். மெடிக்கல் ஷாப்பில், "காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை குடுங்கண்ணே" என்று வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது இதனால்தான் ஆபத்து. டெங்கு இருக்கும்போது சில வலி மாத்திரைகள் ரத்தக் கசிவையே உண்டாக்கிவிடும்.

என்ன செய்யலாம்?

வாழை வாடினால் இலையை மட்டும் பார்க்காமல், வேரையும் கிழங்கையும் வெட்டிப் பார்க்க வேண்டும். நோய் வந்த தோட்டத்தில் இருந்து கன்று எடுக்கக் கூடாது. வாழைக்கு இடையே செண்டுமல்லி நட்டால் நூற்புழு குறையும். வாழைக்குப் பிறகு நெல் போட்டு எடுத்தால் பூஞ்சையின் கொட்டம் அடங்கும்.

ஆட்டுக்குத் தடுப்பூசி, நோய் வருவதற்கு முன்பே போட வேண்டும்.

காய்ச்சல் 2 நாளைக்கு மேல் நீடித்தாலோ, விட்டுத் திரும்பி வந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர் ஒரு நோயின் பெயரைச் சொன்னதும் எழுந்து வந்துவிடாமல், "கூட வேற ஏதாவது இருக்குமா, சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது.

ஒரே கேள்விதான். தோட்டத்துக்கும் பட்டிக்கும் வீட்டுக்கும் பொருந்தும்!