நெஞ்செரிச்சல் மாத்திரையும் மதுவும்

தறியில் குனிந்து நெய்வோருக்கும் வயலில் குனிந்து களையெடுப்போருக்கும் நெஞ்செரிச்சல் புதிதன்று. காட்டூர் அங்கத்தினர் சிலர், "மாத்திரை போட்டுக்கொண்டால் குடிக்கலாம்" என எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறு.

இரைப்பையின் மேல்வாயில், அமிலம் மேலேறாமல் தடுக்கும் தசை வளையம் ஒன்று உண்டு. மது அதனைத் தளர்த்துகிறது. இரைப்பையின் உட்சவ்வையும் புண்படுத்துகிறது. ஓமெப்ரசோல், பான்டோப்ரசோல் ஆகியவை அமிலச் சுரப்பைக் குறைக்கின்றனவேயன்றித் தளர்ந்த வளையத்தை இறுக்குவதில்லை, ஈரலையும் காப்பதில்லை. எரிச்சல் அடங்கியதும் கேடும் நின்றதென மயங்குகிறோம். வாய்க்காலில் நீரைக் குறைத்துவிட்டு, உடைந்த மதகு சரியாயிற்று என்பது போன்றது இது.

இடுப்புவலிக்கு டைக்ளோபினாக் போன்ற மாத்திரையை உட்கொண்டு மதுவும் அருந்துவோருக்கு இரைப்பையில் இரத்தக் கசிவு உண்டாகும் அபாயம் மிகுதி. மலம் கறுத்துப் போதல், இரத்த வாந்தி, விழுங்குவதில் சிரமம், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், தாமதியாது திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குச் செல்க.

மாத்திரை 14 நாட்களுக்கு மேல் தேவைப்பட்டாலும் மருத்துவரைக் காண்க. குடிப்பழக்கத்தை அவரிடம் மறைக்கலாகாது. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். மருத்துவர் துணையுடன் விடுதலே நன்று. உழைக்கும் உடலே அங்கத்தினரின் முதற் பங்குத் தொகை.