கருவிவழிப் பறத்தலில் ஐயமும் திரிபும்: உலங்கு வானூர்திப் பயிற்சி விமானிகளுக்கான அறிவுக்கூறுகளும் கலைச்சொல் தேர்வும்

ஆய்வுச் சுருக்கம்

வெளிக்காட்சி மறைந்த நிலையில் கருவிகளின் துணைகொண்டு மட்டுமே வானூர்தியைச் செலுத்தும் முறை கருவிவழிப் பறத்தல் எனப்படும். உலங்கு வானூர்தி செலுத்தக் கற்கும் பயிற்சி விமானி இம்முறை குறித்து அறிந்திருக்க வேண்டிய உடலியல், கருவியியல், செலுத்துமுறை ஆகிய மூன்று அறிவுக்கூறுகளை இக்கட்டுரை விளக்குகிறது. அவ்விளக்கத்தின் வழியே, இத்துறையின் மையக் கருத்தைக் குறிக்க 'மயக்கம்' என்னும் சொல் பொருந்தாது என்பதும், தமிழ் அளவையியல் மரபில் வழங்கும் 'திரிபு' என்னும் சொல்லே பொருந்தும் என்பதும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கருவிவழிப் பறத்தல், உலங்கு வானூர்தி, நிலைத்திரிபு, அளவையியல், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

வானூர்தியைச் செலுத்தும் முறைகள் இரண்டு. தொடுவானத்தையும் நிலத்தையும் கண்ணால் கண்டு செலுத்துவது காட்சிவழிப் பறத்தல். அவை புலப்படாதபோது கருவிகள் காட்டும் அளவுகளைக் கொண்டு செலுத்துவது கருவிவழிப் பறத்தல். உலங்கு வானூர்தி பெரும்பாலும் தாழ்வாகவும் மலைகளுக்கும் கட்டடங்களுக்கும் அருகிலும் பறப்பது. ஆதலின் அதன் விமானி முதலில் பயில்வது காட்சிவழிப் பறத்தலே. ஆயினும் முகிலும் மூடுபனியும் அவரது தகுதிச் சான்றிதழைப் பார்த்து விலகுவதில்லை.

2020 ஜனவரி 26 அன்று அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் காலபாசஸ் என்னுமிடத்துக்கு அருகே சிகோர்ஸ்கி எஸ்-76பி வகை உலங்கு வானூர்தி மலைச்சரிவில் மோதியது. கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உள்ளிட்ட ஒன்பது பேரும் இறந்தனர். அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நடத்திய விசாரணையில் ஒரு செய்தி வெளிப்பட்டது. விமானி, முகிலுக்கு மேலே செல்வதற்காக 4,000 அடி உயரத்துக்கு ஏறுவதாகக் கட்டுப்பாட்டு நிலையத்துக்குத் தெரிவித்தார். அவர் அவ்வாறு கூறிய நேரத்தில் ஊர்தியோ இடப்புறம் சரிந்து விரைந்து இறங்கிக்கொண்டிருந்தது. விமானி பொய் கூறவில்லை; தாம் உணர்ந்ததையே கூறினார். உணர்ந்தது உண்மையாக இல்லை. கருவிவழிப் பறத்தல் குறித்த கல்வி முழுவதும் இந்த இடைவெளியைப் பற்றியதே ஆகும்.

உடல் தரும் பொய்ச்சான்று

மனிதன் தன் நிலையைக் கண், உட்காது, தசை-மூட்டு உணர்வு ஆகிய மூன்றின் வழி அறிகிறான். இவற்றுள் கண்ணே முதன்மையானது. கண்ணுக்குத் தொடுவானம் மறைந்ததும் ஏனைய இரண்டின் சான்றையே மூளை ஏற்க நேர்கிறது.

உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை சுழலும்போது குழலினுள் உள்ள நீர்மம் உடனே சுழலாது பின்தங்குகிறது; அப்பின்தங்கலே சுழற்சியாக உணரப்படுகிறது. எனவே இக்குழல்கள் சுழற்சியை அளப்பதில்லை, சுழற்சியின் மாற்றத்தையே அளக்கின்றன. இதிலிருந்து இரு குறைகள் எழுகின்றன. முதலாவது, நொடிக்கு ஏறத்தாழ 2 பாகைக்குக் குறைவான மெதுவான சுழற்சி உணரப்படாமலே போகலாம். இரண்டாவது, ஒரே சீரான திருப்பம் 10 முதல் 20 நொடிகள் நீடித்தால் நீர்மமும் குழலோடு சேர்ந்து சுழலத் தொடங்கிவிடும். அதன்பின் விமானி நேராகப் பறப்பதாகவே உணர்வார். அந்நிலையில் அவர் திருப்பத்தை நிறுத்தினால் எதிர்ப்புறம் திரும்புவதாக உடல் கூறும். உடலை நம்பி அதனைத் 'திருத்த' முற்படுபவர் பழைய திருப்பத்துக்கே மீண்டு, உயரமிழந்து, இறுகிச் சுழன்று இறங்குவார்.

நேர்கோட்டு முடுக்கமும் இவ்வாறே ஏமாற்றும். ஊர்தி விரைவுபடுத்தப்படும்போது மூக்கு மேலெழுவது போன்ற உணர்வு தோன்றும். திருப்பத்தின் நடுவே தலையைக் குனிந்தால் வெவ்வேறு குழல்கள் ஒருசேரத் தூண்டப்பட்டு, ஊர்தியே உருள்வது போலத் தோன்றும்.

இக்குறைகள் பயிற்சியற்றவரை எத்துணை விரைவில் வீழ்த்தும் என்பதை 1954இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டியது. கருவிவழிப் பயிற்சி பெறாத 20 பேர், வெளிக்காட்சி மறைக்கப்பட்ட நிலையில் சிறு விமானத்தைச் செலுத்தினர். இருபதின்மரும் கட்டுப்பாட்டை இழக்கும் நிலைக்குச் சென்றனர். அவர்களுள் 19 பேர் சுழன்றிறங்கும் நிலையை அடைந்தனர். அதற்கான சராசரி நேரம் 178 நொடிகள். அது நிலையான இறக்கைகொண்ட, தன்னிலையில் ஓரளவு உறுதியான விமானம். உலங்கு வானூர்தியில் அந்த மூன்று நிமிடத்தையும் எதிர்பார்க்க இயலாது.

மயக்கமா, திரிபா?

இவ்வுணர்வுப் பிழையைத் தமிழில் குறிக்க முற்படுவோர்க்குத் 'திசைமயக்கம்', 'இடமயக்கம்' போன்ற சொற்கள் எளிதில் தோன்றும். இவை செவிக்கு இனியவை. ஆயினும் பயிற்சி விமானியைத் தவறான வழியில் செலுத்தக் கூடியவை. இன்றைய வழக்கில் மயக்கம் என்பது தலைசுற்றலையும் நினைவிழப்பையும் சுட்டுகிறது. அச்சொல்லால் பயின்றவர், தமக்குத் தலை சுற்றும்வரை இடர் நேரவில்லை என்றே கருதுவார். நேர்மாறாக, மிகுந்த இடர் நேர்வது தாம் தெளிவாக இருப்பதாக விமானி உணரும்போதுதான்.

வானூர்தி மருத்துவம் இப்பிழையை மூவகையாகப் பகுக்கிறது: விமானியால் உணரப்படாதது, உணரப்பட்டது, உணர்ந்தும் செயல்பட இயலாதவாறு முடக்குவது. இப்பகுப்பின் முதல் இரண்டு வகைகளுக்கும் நிகரான சொற்கள் தமிழ் அளவையியலில் முன்னரே உள்ளன. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் அளவைவாதி, அளவைகளோடு எட்டு அளவைப் போலிகளையும் எண்ணுகிறான். அவற்றுள் திரியக் கோடல், ஐயம் என்பன இரண்டு. இப்பியை வெள்ளி என்று கொள்வது திரியக் கோடல். நிற்பது கம்பமோ மனிதனோ எனத் துணிய இயலாது நிற்பது ஐயம். ஐயமுற்றவன் தனக்குத் தெரியவில்லை என்பதை அறிவான். திரிபுற்றவன் அதனையும் அறியான்.

காலபாசஸ் விமானியின் நிலை ஐயமன்று, திரிபு. ஊர்தி வானில் கொண்டுள்ள சாய்வு, நோக்கு, இயக்கம் ஆகியவற்றை 'நிலை' என்னும் ஒரு சொல் தழுவும். ஆதலின் இப்பிழையை 'நிலைத்திரிபு' என வழங்கலாம். விமானி அதனை உணர்ந்துகொண்ட நிலையை 'நிலையையம்' எனலாம். இச்சொல்லாட்சி பயிற்சியின் நோக்கத்தையும் புலப்படுத்துகிறது: திரிபை ஐயமாக்குவதும், ஐயத்தைத் தெளிவாக்குவதுமே கருவிவழிப் பயிற்சி.

கருவிகளும் அவற்றின் அடிப்படையும்

1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க்கின் மிட்செல் களத்தில் ஜிம்மி டூலிட்டில், மூடியிட்டு மறைக்கப்பட்ட இருக்கையிலிருந்து கருவிகளை மட்டுமே நோக்கி விமானத்தை மேலெழுப்பி, பறந்து, தரையிறக்கினார். கோல்ஸ்மனின் நுண்ணிய உயரமானியும் ஸ்பெர்ரியின் செயற்கைத் தொடுவானமும் திசைச் சுழலியும் அவருக்குத் துணைநின்றன. இன்றைய பயிற்சியின் அடிப்படைக் கருவிகளும் அம்மரபின் வழிவந்தவையே.

அடிப்படைக் கருவிகள் ஆறு. அவற்றுள் வேகமானி, உயரமானி, ஏறிறங்கு வீதமானி ஆகிய மூன்றும் காற்றழுத்தத்தால் இயங்குபவை. செயற்கைத் தொடுவானம், திசைச் சுழலி, திருப்பமானி ஆகிய மூன்றும் விரைந்து சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை விடாது காக்கும் இயல்பையும், அதன்மேல் விசை செலுத்தினால் அச்சு திரும்பும் இயல்பையும் அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய ஊர்திகள் பலவற்றில் மின்னணுத் திரைகள் இவற்றின் இடத்தைப் பெற்றுள்ளன. எனினும் காட்டப்படும் அளவுகள் அவையே.

இக்கருவிகளும் பிழைபடக் கூடியவை. உயரமானியில் அன்றைய காற்றழுத்தத்தைப் பொருத்தத் தவறினால் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறத்தாழ 30 அடி வீதம் உயரம் பிறழும். திசைச் சுழலி மெல்ல நகர்ந்துவிடுவதால், ஏறத்தாழ 15 நிமிடங்களுக்கு ஒருமுறை காந்தத் திசைகாட்டியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஏறிறங்கு வீதமானி சரியான அளவைக் காட்டச் சில நொடிகள் தாமதிக்கும். நிலையழுத்தத் துளை அடைபட்டால் உயரமானி நின்ற இடத்திலேயே நிற்கும், ஏறிறங்கு வீதமானி சுழியத்தைக் காட்டும், வேகமானியும் பிறழும். ஆகவே கருவியை நம்புதல் என்பது ஒரு கருவியை நம்புதல் அன்று.

உலங்கு வானூர்திக்குரிய தனித்தன்மைகள்

உலங்கு வானூர்தி இயல்பில் நிலைப்பற்றது. தானியங்கு அமைப்பு இல்லாத ஊர்தியில் விமானியின் வலக்கை சைக்ளிக் தண்டிலும், இடக்கை கலெக்டிவ் தண்டிலும், இரு கால்களும் பெடல்களிலும் இருக்கும். கணநேரம் கவனம் பிறழ்ந்தாலும் ஊர்தி சாயத் தொடங்கும். கருவிவழிப் பறத்தலுக்குச் சான்றளிக்கப்படும் ஊர்திகளில் பொதுவாக நிலைப்படுத்தும் அமைப்புகள் பொருத்தப்படுவதன் காரணம் இதுவே.

வேகம் மிகக் குறைந்தால் சுழலகு கீழ்நோக்கித் தள்ளும் காற்று, அழுத்தக் குழலின் அளவைக் கெடுக்கும்; வேகமானி நம்பத்தகாததாகும். ஊர்தியின் நிலைப்பும் குறையும். ஆதலின் கருவிவழிப் பறக்க ஒவ்வொரு வகை ஊர்திக்கும் குறைந்தபட்ச வேகம் வரையறுக்கப்பட்டுள்ளது. வெளிக்காட்சி மறைந்ததும் வேகத்தைக் குறைத்து அசையாது நிற்கலாம் என்னும் இயல்பான எண்ணம் இங்கே பேரிடராக முடியும்.

மேலும், ஒரு கட்டுப்பாட்டை அசைத்தால் மற்றவையும் மாறும். மேலேற வேண்டிக் கலெக்டிவை உயர்த்தினால் முறுக்குவிசை மிகுந்து மூக்கு ஒருபுறம் திரும்பும். அமெரிக்க வடிவமைப்புகளில் பெரும்பாலும் அது வலப்புறமாகவும், பிரெஞ்சு, ருசிய வடிவமைப்புகளில் பெரும்பாலும் இடப்புறமாகவும் அமையும். வெளிக்காட்சி இருக்கும்போது கால் தானே இதனைத் திருத்தும். முகிலுக்குள் திசைச் சுழலியை நோக்கியே திருத்த வேண்டும்.

தீர விசாரிக்கும் முறை

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் நாட்டுப் பழமொழி. உட்காதின் சான்று பொய்யாகக் கூடுவதை மேலே கண்டோம். தீர விசாரித்தலுக்குக் கருவிவழிப் பறத்தல் வகுத்துள்ள முறை மூன்று படிகளைக் கொண்டது: கருவிகளை இடையறாது சுற்றிப் பார்த்தல், அவை கூறுவதைச் சேர்த்துப் பொருள்கொள்ளுதல், அதன்பின் ஊர்தியைச் செலுத்துதல்.

பார்வை செயற்கைத் தொடுவானத்திலிருந்து புறப்பட்டு மற்றொரு கருவிக்குச் சென்று மீண்டும் அதனிடமே வரவேண்டும். எடுத்துக்காட்டாக, 80 நாட் வேகத்தில் நொடிக்கு 3 பாகை வீதம் திரும்பும் ஊர்தி 2 நிமிடத்தில் முழுவட்டம் சுற்றும்; அதற்குத் தேவையான சாய்வு ஏறத்தாழ 12 பாகை. தொடுவானம் 12 பாகைச் சாய்வைக் காட்ட, திசைச் சுழலி அசையாது நின்றால் இரண்டில் ஒன்று பிழை. திருப்பமானி மூன்றாம் சான்றாகும். மூன்றனுள் இரண்டு ஒத்தால் முடிவு துணியப்படும்.

பயிற்சியில் நிகழும் பிழைகள் மூன்று. ஒரு கருவியிலேயே பார்வை நிலைத்துவிடுதல், ஒரு கருவியைப் பாராது விடுதல், விருப்பமான ஒரு கருவிக்கு மிகுதியான இடம் தருதல் என்பன அவை. மூன்றும் ஒற்றைச் சான்றை மெய்யெனக் கொள்வதன் வடிவங்களே.

எதிர்பாராது முகிலுள் புகுதல்

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் நோக்கிச் சென்ற இந்திய வான்படையின் எம்ஐ-17 வி5 உலங்கு வானூர்தி, நீலகிரியில் குன்னூருக்கு அருகே நஞ்சப்பசத்திரத்தில் வீழ்ந்தது. முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் உள்ளிட்ட 14 பேரின் உயிரையும் அவ்விபத்து கொண்டது. விசாரணையின் முதற்கட்ட முடிவுகளை வான்படை 2022 ஜனவரியில் வெளியிட்டது. எந்திரக் கோளாறு, சதி, கவனக்குறைவு ஆகியன காரணங்கள் அல்ல என்றும், பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராது மாறியதால் ஊர்தி முகிலுள் புகுந்தது என்றும், அதனால் விமானிக்கு நிலைத்திரிபு நேர்ந்து ஊர்தி நிலத்தில் மோதியது என்றும் அம்முடிவுகள் கூறின. கவனக்குறைவு அன்று என்னும் கூற்று இங்குக் கருதத்தக்கது. திரிபு, திறமையின்மையின் மறுபெயர் அன்று. செவியுடைய எவர்க்கும் நேரக்கூடியது.

ஆதலின் பயிற்சி விமானி, முகிலுள் புகுந்தால் செய்ய வேண்டுவனவற்றை முன்னரே மனத்தில் பதித்திருத்தல் வேண்டும். முதலில் செயற்கைத் தொடுவானத்தை நோக்கி ஊர்தியைச் சமநிலைப்படுத்துக. அடுத்து, முன்னே தடை இருந்தாலன்றித் திசையை மாற்றாது காக்க. பின்னர் ஏறுதற்குரிய விசையைக் கொடுத்து, ஏறுதற்குரிய வேகத்தை நிலைநிறுத்துக. பாதுகாப்பான உயரத்தை அடைந்தபின் கட்டுப்பாட்டு நிலையத்தை அழைத்து உதவி கேட்க. நிலத்தைத் தேடித் தலையைக் குனிதலும் இறங்க முற்படுதலும் ஆகா. இவ்வரிசையில் பேச்சு இறுதியில் அமைவது தற்செயலன்று. ஊர்தி நேரானபின்பே பேச இடமுண்டு.

இவை யாவற்றினும் முந்தியது, வானிலை தாழும்போதே திரும்பிவிடும் முடிவு. காலபாசஸ் விமானி கருவிவழித் தகுதி பெற்றவரே. தகுதிச் சான்றிதழ் இருத்தல் வேறு. அண்மைப் பயிற்சியும், தகுந்த ஊர்தியும், முன்னரே வகுத்த வழியும் இருத்தல் வேறு.

முடிவுரை

கருவிவழிப் பறத்தல் குறித்த அறிவு, உடலின் சான்று திரியும் என்பதை அறிதல், கருவிகளின் அடிப்படையையும் பிழைகளையும் அறிதல், பல சான்றுகளை ஒப்பிட்டுத் துணிந்து செலுத்துதல் என மூன்றாக அமைகிறது. உலங்கு வானூர்தியின் நிலைப்பின்மை இம்மூன்றையும் சில நொடிகளுக்குள் செய்யுமாறு கோருகிறது.

இவ்வறிவைத் தமிழில் வழங்கும்போது சொல் தேர்வு அழகுக்காக மட்டும் செய்யப்படுவதன்று. 'மயக்கம்' எனக் கற்றவர் தலைசுற்றலுக்காகக் காத்திருப்பார். 'திரிபு' எனக் கற்றவர் தாம் தெளிவாக உணரும்போதும் தொடுவானக் கருவியை நோக்குவார். பழைய அளவை நூல்கள் வகுத்த வேறுபாடு ஒன்று, இன்றைய விமானியின் பார்வை எங்கே செல்ல வேண்டும் என்பதைச் சொல்ல வல்லதாயின், அதனைப் பாடநூலுக்குக் கொண்டுவருதல் தமிழ்த்துறையின் கடமையாகும்.