இருமல் இல்லாமலும் டி.பி. வரும்: கண் சிவப்பைக் கவனியுங்கள்



காசநோய் என்றால் இருமல், சளியில் இரத்தம், உடம்பு மெலிவு என்றுதான் நாம் அறிந்து வைத்திருக்கிறோம். அது கண்ணுக்கும் வரும் என்றால் லயத்தில் பலர் நம்புவதில்லை. "இருமலே இல்லையே, எனக்கு எப்படி டி.பி.?" என்பார்கள். ஆனால் கண்ணில் காசநோய் கண்டவர்களில் பலருக்கு இருமல் இருப்பதில்லை. நெஞ்சு எக்ஸ்ரேயில்கூட ஒன்றும் தெரியாமல் போகலாம்.

1977, 1983 கலவரங்களில் மலையகத்தை விட்டுப் போன எமது சொந்தங்களில் சில குடும்பங்கள் மட்டக்களப்பிலும் குடியேறின. படுவான்கரையில் வயல் வேலை செய்கிறவருக்குக் கண் சிவந்தால் "வாவிக் காத்து, வைக்கோல் தூசி" என்கிறார்கள். இங்கே மலையில் "குளிர் பட்டிருக்கு" என்கிறோம். சாதாரணக் கண்ணோய் ஒன்றிரண்டு வாரத்தில் மாறிவிடும். மாறாமல் இழுத்தால், அல்லது மாறி மாறித் திரும்ப வந்தால், பார்வை மங்கினால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், கண்ணுக்கு முன்னால் கறுப்புப் புள்ளிகள் மிதந்தால் அது தூசி அல்ல.

கிருமி மூச்சோடு நெஞ்சுக்குள் போய், அங்கிருந்து இரத்தத்தில் கலந்து, இரத்தக் குழாய்கள் நிறைந்த கண்ணின் நடுப்படலத்தில் தங்குகிறது. அங்கே கிருமி கொஞ்சமாகத்தான் இருக்கும். அதை எதிர்க்கும் உடம்பின் வேகமே பெரும்பாலும் அழற்சியாகிறது. அதனால் சளியைப் பரிசோதிப்பதுபோல் கண்ணில் கிருமியைத் தேடிப் பிடிப்பது கடினம். டாக்டர் பல தடயங்களைச் சேர்த்துத்தான் முடிவுக்கு வருவார்.

முதலில் கண்மணியை விரிக்கும் மருந்து விட்டு உள்ளே பார்ப்பார்கள். சில மணி நேரம் பார்வை மங்கும் என்பதால் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிறகு முன்கையில் மான்டூ ஊசி. 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பிப் போய்க் காட்ட வேண்டும். "ஒரு நாள் பேரை விட முடியாது" என்று போகாமல் விட்டால் ஊசி போட்டதே வீண். சிவப்பை அல்ல, தடிப்பைத்தான் அளப்பார்கள். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசியாலும் தடிப்பு வரலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. இரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் வேறு நோய்களை விலக்கவும் உதவும். 1993 வெள்ளத்துக்குப் பிறகு மதுரைப் பக்கத்தில் எலிக்காய்ச்சல் கிருமியால் பலருக்குக் கண் அழற்சி வந்தது. வயலில் இறங்குகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

குளிசைகள் அரசாங்கத்தின் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசம். மட்டக்களப்பிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் அவை உண்டு. வழக்கமாக முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்துகள். கண் நோயென்றால் டாக்டர்கள் பலமுறை ஒன்பது மாதம் வரையோ அதற்கு மேலோ நீட்டுவார்கள். தொடங்கிய சில வாரத்தில் கண் இன்னும் மோசமாவது போலத் தோன்றலாம். "மருந்து ஒத்துக்கல" என்று நிறுத்தி விடாமல் உடனே கிளினிக் போங்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது ரிஃபாம்பிசின் குளிசையால், பயப்பட ஒன்றுமில்லை. கண் வெள்ளை மஞ்சளானால் மட்டும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

அழற்சியை அடக்க ஸ்டீராய்டும் கொடுப்பார்கள். நாங்கள் மிகவும் அஞ்சுவது இதைத்தான். பாமசியில் தாமாகவே ஸ்டீராய்டுத் துளிமருந்து வாங்கி விடுகிறார்கள். சிவப்பு குறையும், உள்ளே கிருமி இருந்தால் அது பாட்டுக்கு வேலை செய்யும். மாதக்கணக்கில் விட்டால் கண்ணில் அழுத்தம் கூடும், புரையும் விழலாம். டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டுக் குளிசையையும் திடீரென நிறுத்தக் கூடாது. தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு விடுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

கண்ணிலுள்ள காசநோய் கண்ணீரால் பிறருக்குத் தொற்றாது. நெஞ்சிலும் நோய் இருந்து இருமினால்தான் தொற்றும். அதனால் தட்டையும் பாயையும் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டிலுள்ளவர்களை, முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளை, ஒரு முறை காட்டிவிடுங்கள்.

எதம்பியூட்டோல் என்ற குளிசை சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்கும். முதலில் சிவப்பும் பச்சையும் மங்கும். அந்தக் குளிசை சாப்பிடுகிற காலமெல்லாம், வாரத்துக்கு ஒரு தடவை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணால் சிவப்புத் துணி ஒன்றைப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். நிறம் வெளிறித் தெரிந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் அன்றே போய்ச் சொல்லுங்கள்.