மாதிரி ஜெட் ஏன் தாமதிக்கிறது?

புரொப்பெல்லர் மாதிரி விமானத்தில் விசையைக் கூட்டிய கணமே இழுவிசை கிடைக்கும். புரொப்பெல்லர் தள்ளும் காற்று வால்பகுதியில் பாய்வதால், மெதுவாகப் பறக்கும்போதும் கட்டுப்பாடு நிலைக்கும். விசையைக் குறைத்தால் புரொப்பெல்லரே வேகத்தடையாகிவிடும். டர்பைன் ஜெட்டில் இந்த மூன்று உதவிகளும் இல்லை. அதன் சுழலி நிமிடத்துக்குச் சுமார் 30,000 சுற்றுகளிலிருந்து 1,00,000-ஐத் தாண்டி ஏற வேண்டும். எரிபொருளை அவசரமாகச் செலுத்தினால் வெப்பம் எல்லை மீறும் என்பதால், கட்டுப்பாட்டுக் கருவி எரிபொருளைப் படிப்படியாகவே கூட்டுகிறது. அதற்குள் சில விநாடிகள் கடந்துவிடும்.

வேகமான புரொப்பெல்லர் விமானத்தில் பழகினால் போதாதா? கை வேகத்துக்குப் பழகும், தாமதத்துக்குப் பழகாது. விமானத்தை நிலைப்படுத்தும் கருவியான கைரோவும் இதற்குத் தீர்வல்ல: அது ஆட்டத்தை அடக்கும்; இழந்த வேகத்தை மீட்டுத் தராது. ஆகவே, தரையிறங்கும் பாதையையும் விசையையும் முன்கூட்டியே தீர்மானிப்பதே ஜெட் விமானியின் முதல் பாடம்.