நட்டு கழன்றது, வெற்றி நழுவியது!

கடையாணி கழன்றால் என்ன ஆகும்? சக்கரம் தனியே ஓடும். வண்டி சாயும். பல்லடம் பக்கத்தில் ரேக்ளா பந்தயம் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியது இல்லை.

பந்தயக் காருக்கும் இதே கவலைதான்.

பல்லடத்துக்கு மேற்கே, செட்டிபாளையத்தில் கார் பந்தயப் பாதை இருக்கிறது. பெயர், ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’. 2003-ம் ஆண்டு திறக்கப்பட்டது. மாருதி கார் என்ஜினை வைத்துச் சிறிய பந்தயக் கார்களைச் செய்த கோவைக்காரர் கரிவரதனின் நினைவாக வைத்த பெயர் அது. அவர் 1995-ல் விமான விபத்தில் இறந்தார்.

இப்படிப்பட்ட பாதையில் கார் பறக்கும்போது, ஒவ்வொரு சக்கரத்தையும் பிடித்து நிற்பவை சில நட்டுகள்தான். உலகப் பெரும் பந்தயமான ‘பார்முலா 1’ கார்களில் சக்கரத்துக்கு ஒரே ஒரு நட்டுதான்!

இன்னும் ஆறே சுற்று

1987 ஆகஸ்டு மாதம். ஹங்கேரி நாட்டில் பந்தயம். மொத்தம் 76 சுற்று. இங்கிலாந்து வீரர் நைஜல் மான்செல் முதலாவதாகப் போய்க்கொண்டு இருந்தார். ஆறே சுற்று பாக்கி. பின்சக்கரத்தின் நட்டு கழன்று விழுந்தது! மான்செல் காரை ஓரம் கட்டினார். அதே அணியைச் சேர்ந்த பிக்கே வெற்றி பெற்றார்.

நல்ல வேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

முரட்டுத்தனம் உதவாது

அப்படியானால் பலம் கொண்ட மட்டும் முடுக்கிவிடலாமா? கூடாது.

நட்டை முடுக்கும்போது, அது ஏறும் ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீளும். நீண்டது ரப்பர் போலச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்புதான் சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. அளவுக்கு மேல் முடுக்கினால் ஸ்டட் நீண்டபடியே நின்றுவிடும். பிடி போய்விடும். பிறகு ஒரு நாள் முறியும்.

அதனால்தான் அளவு காட்டும் ‘டார்க் ரெஞ்ச்’ வைத்திருக்கிறார்கள். முதலில் ஹப்பில் உள்ள துருவையும் மண்ணையும் துடைக்க வேண்டும். நட்டைக் கையால் சுற்றி ஏற்ற வேண்டும். கோணலாக ஏறினால் மரை போய்விடும். ஒன்றை முடுக்கியதும் பக்கத்து நட்டுக்குப் போகக்கூடாது. எதிர் நட்டுக்குப் போக வேண்டும். அப்போதுதான் சக்கரம் சமமாக உட்காரும். எண்ணெய் போட்டால் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். கார் செய்தவர்கள் சொல்லாமல் போடக்கூடாது. எண்ணெய் பட்டால் அதே அளவில் முடுக்கினாலும் ஸ்டட் அதிகமாக இழுபடும்.

2021-ல் மொனாக்கோ பந்தயத்தில் வேறு ஒரு வேடிக்கை நடந்தது. போட்டாஸ் என்ற வீரர் சக்கரம் மாற்றக் காரை நிறுத்தினார். நட்டைக் கழற்றும் எந்திரம் சரியாக உட்காராமல் சுழன்று, நட்டின் பற்களை வழித்துவிட்டது. எவ்வளவு முயன்றும் சக்கரம் வரவில்லை. பந்தயம் அவருக்கு அத்தோடு முடிந்தது. காரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்த்தான் அதைக் கழற்றினார்கள்!

வீட்டுக் காருக்கும்

பஞ்சர் ஒட்டிச் சக்கரத்தை மாட்டினால், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை இன்னொரு முறை சோதிக்க வேண்டும். பந்தய மெக்கானிக்குகள் சிலர் நட்டையும் ஸ்டட்டையும் சேர்த்துப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைக்கிறார்கள். கோடு விலகித் தெரிந்தால், நட்டு நகர்ந்திருக்கிறது.